இடையில் ஒன்பது எண்கள்

எங்கள் பள்ளியில் கணினி ஒன்றுதான்.
வரைபட அறையில், சுருட்டி வைத்த ஆப்பிரிக்காவுக்கும்
அச்சு முறிந்த பூகோள உருண்டைக்கும் நடுவில்.
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
முட்டை வேகவைக்கும் கடிகாரம் வைத்து அளப்பார்கள்.

என் முறையில் என் பெயரைத் திரையில் ஓடவிட்டேன்.
நிறுத்தத் தெரியவில்லை.
பௌல் பௌல் பௌல் என்று
மேலே ஏறிக்கொண்டே போனேன்,
யாரோ மின்சாரத்தைப் பிடுங்கும்வரை.

எண்பத்து நான்கு, நவம்பர். டென்மார்க்கின் மேற்குக் கரை.
காற்று கொடிக்கம்பங்களை இரவெல்லாம் தட்டும்.

கோமல் என்று அந்த மொழிக்குப் பெயர்.
திறந்ததை மூடச் சொல்லும் மொழி.
"என்றால்" என்று தொடங்கிவிட்டால்
"என்றால் முடிந்தது" என்று எழுதாமல் தப்ப முடியாது.
தப்பு வரியை அந்த வரியிலேயே மறித்து நிற்கும்.
உள்ளடங்கியதைத் தானாகவே உள்ளே தள்ளி அடுக்கும்.
பெட்டிக்குப் பெட்டி என்றே பெயர் வைக்கலாம்,
கூலிக்குக் கூலி என்று. அதுவும் எங்கள் பேச்சிலேயே.

வீபெக்க என் முறையை விலைக்கு வாங்கினாள்:
உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய், நான்கு.

அவள் அம்மா யுட்ட ஹெர்ரிங் ஆலையில் மீன் கிழிப்பவள்.
பெட்டிக் கணக்கில் கூலி.
இருபதாவது பெட்டியிலிருந்து
பெட்டிக்கு எழுபத்தைந்து ஓரே கூடுதல்.
ஒப்பந்தத் தாளில் அப்படித்தான் இருந்தது.
வெள்ளிக்கிழமை உறையில் வருவதும்
கதவுக்குப் பின்னால் சுண்ணக்கட்டியில் அவள் இழுத்த கோடுகளும்
ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.
"நான்தான் எண்ணத் தெரியாமல் எண்ணுகிறேன்" என்பாள்,
வெந்நீரில் விரல்களை ஊறவைத்தபடி.

வீபெக்க இரண்டு விதமாக ஓட்டிப் பார்த்தாள்.

0110 பெட்டி இருபதைத் தாண்டினால்

0110 பெட்டி இருபதோ அதற்கு மேலோ என்றால்

முதலாவதில், ஆலை கொடுத்த உறை
ஓரே பிசகாமல் திரையில் வந்து நின்றது.
இரண்டாவதில், கதவின் கோடுகள்.
நடுவில் ஒரு சமக்குறி.
மீன் முள்ளைவிடச் சின்னது.

நாளுக்கு எழுபத்தைந்து ஓரே. பாதி ரொட்டிகூட வராது.
பிறகு அதை ஒரு சுற்றுக்குள் வைத்தாள்: முப்பத்தோரு பெண்கள்.
அதை இன்னொரு சுற்றுக்குள்: இருநூற்றுப் பத்து நாள்.
இரண்டையும் ஒழுங்காக மூடினாள்.
கடிகாரம் அடித்தது. நகரவில்லை.
நாலாயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டரை குரோனர்.

ஊசி அச்சுப்பொறி கத்திக் கத்தி அச்சடித்த தாளை
ஓரத்து ஓட்டைகளைக்கூடக் கிழிக்காமல்
யுட்ட ஆலைக்கு எடுத்துப் போனாள்.

மேற்பார்வையாளர் ஏவல்ட் கணினியைத் தொட்டதில்லை.
"எந்திர மொழி எனக்கெதற்கு" என்று சொல்லிக்கொண்டே
முதல் வரியை வாசித்தார். இரண்டாவதையும்.
வாசித்தால் புரிந்தது. அதுதான் வினை.
நூற்றுப் பத்தாம் வரியில் விரல் நின்றது.
வெளியே பனிக்கட்டி லாரி பின்னால் வந்து
முழங்கி அடங்கும்வரை
அவர் தலை தூக்கவில்லை.

திங்கள்கிழமையிலிருந்து இருபதாவது பெட்டிக்கும் கொடுத்தார்கள்.
பழைய பாக்கியைப் பற்றிப் பேச்சில்லை.

தாள் காபி அறைச் சுவரில் தொங்கியது.
ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் செதில்.
வரி எண்கள் பத்துப் பத்தாக ஏறும்;
இடையில் ஒன்பது எண்கள் காலியாக இருக்கும்,
பிறகு தோன்றுவதைச் செருக.
இதை வீபெக்க யாருக்குச் சொன்னாளோ.
பென்சிலில் வரத் தொடங்கின:

0123 கத்தி தீட்டும் நேரம் யார் கணக்கில்
0125 விரல் மரத்துப்போனால் நிறுத்து
0126 கழிப்பறைக்கு நான்கு நிமிடம் போதாது
0127 என்றால் முடிந்தது என்று யார் எழுதுவது

கடைசியாக நூற்றிருபத்தொன்பதில்
இரண்டு சாய்கோடு போட்டு ஒரு வரி.
சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதை எந்திரம் வாசிக்காது,
அது மனிதர்களுக்கு:

0129 // எனக்கு எண்ணத் தெரியும்

நான் அப்போதே மூன்று மிட்டாயைத் தின்றிருந்தேன்.
நான்காவதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
வேண்டாம் என்றாள்,
அடுத்த செவ்வாய்க்கிழமை முறையும் வேண்டுமாம்.