மூன்றாம் தரம்

ஒட்டுசுட்டான். முந்தநாள் இரவு ஆனை இறங்கின வயல்.
ஒப்படை மூன்று: ஐந்நூறு சொல், நாலு நிமிட ஒலி,
ஒன்றரை நிமிட வீடியோ.

இராசநாயகம் வரம்பில் நடந்தார்.
வெயில் பின்னால்; முகம் கறுப்பாய் விழுந்தது.
"ஐயா, இன்னொருக்கா நடவுங்கோ."
நடந்தார். குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள்.
"இன்னொருக்கா."
நின்றார். சாரத்தை மடித்துக் கட்டினார்.
"கவலையாய் நடக்கோணுமோ, பிள்ளை?"

ஓமெண்டும் சொல்லவில்லை, இல்லையெண்டும் சொல்லவில்லை.
கமராவைத் தூக்கினேன்.
அவர் கவலையாய் நடந்தார்.
நல்லாய் வந்தது.

வகுப்பில் கைதட்டினார்கள்.
எந்த லென்ஸ் என்று கேட்டான் பிரதீபன்.

இரவு, ஒலியை வெட்ட உட்கார்ந்தால்
நிறுத்த மறந்த பதிவில் கிடக்கிறது
அந்தக் கேள்வி.
பிறகு ஏழு செக்கன் என் மௌனம்.
அதற்குள் எங்கோ கத்துகிறது
ஓர் ஆட்காட்டி.

இரைச்சல் என்று நீக்கிவிடலாம்.
ஒரு விரல் வேலை.

ஐந்நூறு சொல்லில் முதற் சொல்லும் இன்னும் வரவில்லை.
விடிய அவருக்குக் கோல் எடுத்தேன்.
மனைவி கதைத்தா:
"படம் வந்திட்டுதோ, பிள்ளை?
அவர் சரியாய்த்தானே நடந்தவர்?"