அவள் குறி

நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில்
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள்.
அதற்குள் இன்னும் ஒரு கட்டு.

1741, நிலப் பத்திரத்தில்: மக்கில்வெயின்.
வரி ஏட்டில் மகெல்வன்.
ஜெர்மன்காரனின் ஆலைக் கணக்கில் மூக்கல்வைன்,
இரண்டு மூட்டை சோளம் அரைத்த கூலி பாக்கி.
ஒரே ஆள்தான். நினியன்.
அவன் வாய் திறந்து சொன்னதை
அவரவர் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டார்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் ஆளி விதை ஏற்றிப் போகும் கப்பல்
லண்டன்டெரியில் இறக்கிவிட்டு,
காலியான அதே இருட்டில்
குத்தகை ஏறியதும் கட்ட முடியாமல் போனவர்களை
அடைத்துக்கொண்டு திரும்பும்.
மூட்டைகளின் தூசியில் தும்மிக்கொண்டே வந்திருப்பார்கள்.
ஜென்னட் அதில்தான் பெற்றாள்.
பாதிரியாரின் ஏட்டில் அதற்கு இரண்டே சொல்:
பெண். கடல்.

செத்தவர்களின் எழுத்துப்பிழையைத் திருத்தத்தான்
இத்தனை மைல் கார் ஓட்டுகிறாயா என்று
வெர்லின் கேட்கிறான்.
திருத்துவதில்லை, வெர்லின்.
பிழை பிழையாகவே எடுத்து எழுதுகிறேன்.
திருத்தினால் தொலைந்துபோவார்கள்.

இன்று அவள் கிடைத்தாள், விதவையாக,
மூன்று காகிதங்களில்.
ஜேனட் என்றான் ஒரு எழுத்தன். ஜின்னெட் என்றான் இன்னொருவன்.
மூன்றாமவன் வெறும் ஜென்னி.
பக்கத்தில் அவள் குறி.
மற்றவர்களைப்போல் சிலுவைக்கோடு இல்லை:
சாய்ந்த ஒரு கோடு, உச்சியில் ஒரு சுழி,
காய் முற்றித் தலைசாய்ந்த ஆளித்தண்டு.
மூன்றிலும் அதேதான்.
ஒன்றில் பாதியிலேயே மை தீர்ந்து
மறுபடி தொட்டு முடித்திருக்கிறாள்.

எனக்குக் கால்மணி நேரம் சந்தோஷமாக இருந்தது.

பிறகு சொத்துப் பட்டியல்.
இரும்புப் பானை. தறி, ஒரு கால் உடைந்தது.
சாம்பல் நிறக் குதிரை.
கஃபி என்றொரு பையன், நாற்பது பவுண்டு.
ஈயத்தட்டு ஆறு.
அடியில், எல்லாம் சரி என்பதற்கு,
அந்தச் சாய்ந்த கோடு, அந்தச் சுழி.

அவன் பெயரில் பிழையே இல்லை.
இரண்டாம் முறை யாரும் அவனை எழுதவில்லை.

நாலாகப் பத்து நிமிடம்.
புதுத்தாள் எடுத்து மேலே கஃபி என்று எழுதினேன்.
வழக்கம்போல் அடுத்த வரியில் ‘பார்க்க:’ என்று போட்டு
முற்றுப்புள்ளி இரண்டுக்கும் அப்பால்
பேனா நகரவில்லை.
மாடியில் யாரோ விசைகளைத் தட்டிக்கொண்டு வருகிறார்கள்,
ஒவ்வொன்றாக.