வெறுங்குழாய்

அந்தக் குழாயை அறுத்ததும் பற்றவைத்ததும் நான்தான்.
எழுபத்து நான்கு, பிப்ரவரி.
குவார்ட்ஸ் கேட்டு மூன்று படிவம் அனுப்பியிருந்தார் பேராசிரியர்.
பதில் இல்லை. வெஸ்ப்ரேம் நகரத்துக் காற்று மட்டும்
தவறாமல் வந்து ஜன்னல் கொக்கியை ஆட்டியது.
எஃகு இருக்கிறது என்றேன்.
எஃகு போதும் என்றார்.

மீத்தேனை மெத்தனாலாக்க வேண்டும்,
ஒரே தாவலில்.
எரிந்து தீர்ந்துவிடத் துடிக்கும் வாயுவைப்
பாதி வழியில் நிறுத்துகிற வேலை.
ஓடிப்போகிறவனைப் பேருந்து நிறுத்தத்தில்
சட்டையைப் பிடித்து நிறுத்துவது மாதிரி என்பார்
கெலெச்சேஞி மார்கித்.
அவர் கணவர் ஐம்பத்தாறில் எல்லை தாண்டியவர்.
நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

சிலிக்காவில் மாலிப்டினம் ஏற்றி
உலர்த்தி, சுட்டு, சலித்து
கடுகளவு மணிகளாக உள்ளே கொட்டினோம்.
நானூற்று முப்பது டிகிரி.
அழுத்தமானியின் முள் நடுங்கி நின்றது.
பதிவுப்பேனா நேர்கோடாய் இழுத்துக்கொண்டே போய்
நான்காம் நிமிடத்தில்
ஒரு மலை வரைந்தது.
அவர் தாளைத் தொடவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேலங்கி நுனியில் துடைத்து
திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார்.
மலை இருந்தது.

அப்புறம் ஏழு வருஷம்.
ப்ராக், லெனின்கிராட், ஒருமுறை லியோன்கூட.
பாடப்புத்தகத்தில் ஒரு வரி, பதினோரு சதவீதம் என்று.
நால்வருக்கு முனைவர் பட்டம்.
எனக்கு ஊதிய உயர்வு,
லியோனிலிருந்து ஒரு நல்ல இடுக்கி.

எண்பத்தொன்று, ஈஸ்டருக்கு முந்தின வாரம்.
புதிதாய்ச் சேர்ந்த ஒர்ஷோயா
மணிகளை நிரப்ப மறந்து உலையை ஏற்றிவிட்டாள்.
கருவி பழுது என்று என்னை வீட்டிலிருந்து அழைத்தாள்.
வெறுங்குழாய்.
நான்காம் நிமிடம்.
அதே மலை.

பழுதொன்றுமில்லை.
மாலிப்டினம் ஏழு வருஷமாய்ச் சும்மா உட்கார்ந்திருந்தது.
உழைத்தது சுவர்:
என் எஃகு, நான் வைத்த பற்று,
அதன் உட்பக்கத்து மெல்லிய துரு.

தாளைக் கிழித்து ஓவர்கோட் பைக்குள் வைத்தேன்.
பெண்ணிடம் பழுது சரியாகிவிட்டது என்றேன்.
இரண்டு ராத்திரி அது ஆணியில் தொங்கியது.
மூன்றாம் நாள் காலை மேஜைமேல் விரித்தேன்,
மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டே.

எத்தனை நாளாய்த் தெரியும்?
இரண்டு நாள்.
எனக்கு ஐந்து வருஷமாய்ச் சந்தேகம், திவதார்.
சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார்,
மலை அடியில் போகும்படி.
வெறுமையாய் ஒருமுறை ஓட்டிப்பார் என்று
உன்னிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

ஒரே பக்கத்தில் மறுப்பு எழுதினார்.
உலையின் சுவர் என்று இருந்தது.
சுவரைச் செய்தவன் பெயர் இல்லை.
தேடித்தேடிப் பார்த்தேன், இரண்டு தடவை.
லியோன் கடிதம் நின்றது.
ஒர்ஷோயாவுக்கு மட்டும் நன்றி, எதற்கென்று சொல்லாமல்.

குவார்ட்ஸ் எண்பத்து நான்கில் வந்தது, வைக்கோலில் புதைந்து,
பத்து வருஷம் தாமதமாய், ஒரு முனை விரிந்து.
மாலிப்டினத்துக்குக் கிடைத்தது ஒன்றரை சதவீதம்.
அந்த ஒன்றரையோடு பதினாறு வருஷம் இருந்தார்.
கட்டுரை எதுவானாலும் முதல் அட்டவணை வெறுங்குழாய்தான்.
மாணவர்கள் அவரையே அப்படித்தான் அழைத்தார்கள், முதுகுக்குப் பின்.
தெரியும் அவருக்கு.

அறையைக் காலிசெய்த அன்று
பழைய குழாயை நீளவாக்கில் அறுத்துத் தரச் சொன்னார்.
உள்ளே புறாக்கழுத்து நிறம்,
நீலமும் ஊதாவும், பற்றவைத்த இடத்தில் மட்டும் பழுப்பு.
விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டினார்.
கெட்டிக்காரக் குழாய் என்றார்.

ஒரு பாதியை அவர் எடுத்துப் போனார்.
மற்றது என் கொல்லையில்,
மிளகாய்ச் செடி வரிசைக்குத்
தண்ணீர் போகும் வாய்க்காலாக.
வெயில் சாயும்போது
கொஞ்சம் நீலம் இன்னும் தெரிகிறது.