இரண்டு பத்துக்கு ஒரு பள்ளம்

பீளமேட்டில் மூன்றாம் மாடி. ஏசி குளிருக்குத்
துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு
நாற்பத்தொரு ஹப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பச்சை என்றால் உயிர்.
சிவப்பு என்றால் என் போன்.

சென்னிமலைக்கு நான் போனதில்லை.
ஆனால் அங்கே ஒரு தறிக்கூடத்தில்
ஒன்பதாம் தறிக்கு அடிக்கடி ஊடை அறுகிறது என்று தெரியும்.
பதினாலாம் தறிக்காரர் ஒன்றரைக்கு டீக்குப் போய்
ஒன்று ஐம்பதுக்கு வருவார்,
சம்பள நாளில் மட்டும் இன்னும் தாமதம்.
தறிகள் ஹப்பிடம் சொல்லும், ஹப் என்னிடம் சொல்லும்,
நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி அதன் சூடு ஏறியது.
54. 57. 61.
எழுபதில் அது தானாக அணைந்துகொள்ளும்,
இருபது தறியும் ஊமையாகும்.
இங்கிருந்தே அதை உறங்க வைப்பேன், எழுப்புவேன்,
பேரை மாற்றுவேன், கடவுச்சொல்லை மாற்றுவேன்.
அதன் விசிறியில் அடைத்த பஞ்சை எடுக்க
என் மென்பொருளில் பட்டன் இல்லை.

போனை எடுத்தவர் பொன்னுரங்கம். ஏழாம் தறி.
தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்:
"எந்தப் பொட்டிங்க அம்முணி?
சாமி படத்துக்குக் கீழ மினுக்கு மினுக்குனு எரியுதே, அதுங்களா?"
"அதுதாங்க. பொறத்தால ஓட்டை ஓட்டையா இருக்கும்,
தூசி போக ஊதி விடுங்க."
"வாய்லயேவா?"
"வாய்லயேதாங்க."

போனை வைக்காமலே ஊதினார். என் காதில் புயல்.
திரையில் 61,
60,
அங்கேயே கொஞ்ச நேரம் நின்று யோசித்து
55,
47.
எண்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி
ஒரு மனுசன் விட்ட மூச்சை
எண்ணாகப் படித்தேன்.

காற்றடிக்கும் துப்பாக்கி ஒன்று வாங்கச் சொல்லி எழுதிப் போட்டேன்.
பரிசீலனையில், என்று பதில் வந்தது.
புகார் மூடப்பட்டது, என்றும் வந்தது.

மறுநாள் நான் கூப்பிடவில்லை.
இரண்டு பத்துக்குச் சூடு இறங்கியது.
அதற்கடுத்த நாளும்.
மாதக் கோட்டில் தினமும் அதே இடத்தில் ஒரு பள்ளம்,
ஈர மண்ணைக் கட்டைவிரலால் அமுக்கினாற்போல.
"இதென்ன கோளாறு?" என்றார் மேலாளர்.
"பராமரிப்பு, சார்."
"யார் செய்யறது?"
"தானியங்கி" என்றேன்.

பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது
பள்ளம் விழவில்லை. ஏழாம் போர்ட்டும் இருட்டு.
கூப்பிட்டால் வேறு குரல்:
"அண்ணன் பழனிக்கு நடக்கறாருங்க. காவடி."
கொஞ்சம் ஊதி விடறீங்களா?
"எனக்குத் தும்மல் வருமுங்க" என்று வைத்துவிட்டார்.

63. 67.
ஆளில்லாத போர்ட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்:
இருபத்தி நாலு, இருபத்தி மூணு, ஏழு.
அரை டிகிரி.
யாரையும் கேட்காமல் கேமராவையும் அணைத்தேன்.
ஒன்றரை டிகிரி.
65இல் நின்றது.
நானும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன்.

இந்நேரம் தாராபுரம் தாண்டியிருப்பார்,
தார் ரோட்டோரம், பாதம் வெடித்து.
அவர் பச்சையா சிவப்பா என்று காட்ட
என்னிடம் திரை இல்லை.

பூசம் கழிந்து மூன்றாம் ராத்திரி
ஏழாம் போர்ட்டில் யாரோ தட்டுவதுபோல இருந்தது. திறந்துவிட்டேன்.
இரண்டு பத்துக்கு
64,
58,
46.
பின்னாலேயே போன், மூச்சு வாங்கிக்கொண்டு:

"பஞ்சாமிருதம் ஒரு டப்பா
உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கறனுங் அம்முணி.
இதுல எந்தத் தொளைல விடறதுங்க?"

"இருபத்தி மூணு சும்மாதாங்க இருக்குது" என்றேன்.