ஒன்பது பத்து

ரெசர்வார் ஹில்ஸ் சரிவில்
வேனைப் பின்னோக்கித்தான் இறக்க முடியும்.
நான் கதவைச் சாத்துமுன்னே சொல்லிவிட்டார் தயாளன் மூட்லி:
“குரங்குதாம்மா. கூரைக்குள்ள ஒயரக் கடிக்குது.
தினம் ராத்திரி ஒன்பது பத்துக்குச்
சாப்பாட்டு ரூம் லைட்டு தானா அணையுது.
கரண்ட் வெட்டுற நாள்ல பத்தரைக்கு வரும்,
பத்து முப்பத்திரண்டுக்கு அணையும்.”
கரண்ட் வரும்வரை கண்விழித்திருந்து கடிக்கும் குரங்கை
டர்பனில் நான் பார்த்ததில்லை.
பேசாமல் ஏணியை எடுத்தேன்.

அறுபத்தேழில் கட்டிய வீடு.
கிரே தெருவில் துணி விற்ற அவர் அப்பா
கப்பலில் வரவழைத்த அமைப்பு இது.
சுவிட்சுக்கு வருவது இருபத்துநாலு வோல்ட்,
ஈர விரலையும் சுடாது.
கூரைக்குள் தகரப் பெட்டி, பன்னிரண்டு ரிலே.
சிவப்புக்கு ஒரு தட்டு, எரியும்.
கறுப்புக்கு ஒரு தட்டு, அணையும்.
வெள்ளை பொது.
விரலை எடுத்த பிறகும் சொன்ன சொல்லில் நிற்கும் சாமான்.
நகரமே இருண்டு மீண்டாலும்
எரிந்தது எரியும், அணைந்தது அணைந்தே கிடக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகத்தான் முனகியது.
காயில்கள் சூடில்லை.
சுவிட்ச் எதுவும் உள்ளே சிக்கிக் கிடக்கவில்லை.
பல் தடம் இல்லை, புழுக்கை இல்லை,
பல்லி முட்டை ஓடு மட்டும் இரண்டு.
ஏழாம் ரிலேயில் ஒரே தொப்பிக்குள்
முறுக்கி வைத்த இரண்டு கறுப்பு ஒயர்.
ஒன்று நேரே கீழே, சாப்பாட்டு அறைக்கு.
மற்றதை டார்ச்சோடு தொடர்ந்தேன்,
தூசியில் முழங்கை தேய.
அது போய் நுழைந்த இடம்
நடுக்கூடத்தை இரண்டாக்கிய செங்கல் சுவர்.

மேலிருந்தே கேட்டேன்: “இது எப்போ கட்டினது?”
“பாகம் பிரிச்சப்போ.”
கொஞ்சம் பொறுத்து: “பதினோரு வருஷம்.”
இன்னும் கொஞ்சம் பொறுத்து, நான் கேளாமலே:
“அண்ணன் போயாச்சு. அண்ணி மட்டும் அந்தப் பக்கம்.”

தண்ணீர் மீட்டர் பிரித்திருக்கிறார்கள்,
மெயின் லைனைப் பிரித்திருக்கிறார்கள்,
லிச்சி மரத்தின் நடுவே கூட வேலி போகிறது.
இந்த மெல்லிய ஒயர் எந்த வக்கீல் கண்ணிலும் படவில்லை.

இரவு வரை இருந்தேன். கூடுதல் மணிக்குக் கூடுதல் காசு,
அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.
கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மீட்டரை மாட்டிவிட்டுக்
கூரைத் துளை வழியே கீழே பார்த்தேன்.
குதிரைப் பந்தயத் தாளின் மேல்
கண்ணாடியோடு தூங்கிவிட்டிருந்தார் மூட்லி.
அவர் மேசை வெளிச்சம் ஜன்னல் தாண்டி,
வேலி தாண்டி, அந்தப் பக்கத்துத் துணிக்கொடியில்
ஒரு மஞ்சள் சேலை மேல் கிடந்தது.

ஒன்பது பத்து.
முள் சரிந்தது, நிமிர்ந்தது.
ஒரு விரல் அமுக்கும் நேரம், அவ்வளவுதான்.
டக்.
சேலை இருட்டில் போயிற்று.
கீழே நாற்காலி நகரும் சத்தம்,
கட்டிலுக்குப் போகும் செருப்புச் சத்தம், பாதியில் நின்று
“பாத்தியா?” என்றது.

இறங்கி வந்து பார்த்ததைச் சொன்னேன்,
ஒயரின் நிறம், போகும் திசை, சுவர்.
ஆள் பெயர் சொல்ல எனக்கு லைசென்ஸ் கிடையாது.
“வெட்டிடலாம். ஒரு நிமிஷ வேலை, காசு வேண்டாம்.”

மேசைத் தாளை நாலாக மடித்தார்.
பிரித்தார். திரும்ப மடித்தார்.
சுவரைப் பார்த்தார் என்று எழுத ஆசைதான்,
பார்த்தது என் கையிலிருந்த கட்டிங் பிளேயரை.

“பில்லுல என்ன எழுதுவே?”
“பழுது என்னன்னு எழுதணும்.”
“குரங்குன்னு எழுது.”

எழுதினேன்.
வருகைக் கட்டணம், கூடுதல் மணி நான்கு.
பழுது: குரங்கு.
செய்த வேலை என்ற கட்டத்தில்
தொப்பியை இறுக்கியது, என்று போட்டேன்.
உண்மையும் அதுதான்.
இரண்டு கறுப்பும் லேசாகத் தளர்ந்திருந்தன,
நன்றாக முறுக்கிவிட்டு வந்தேன்.