பன்னிரண்டு வோல்ட்

லூபா ஷெவ்சுக் பிக்கப்பைப் பின்னோக்கி ஓட்டி
என் கொட்டகை வாசலில் நிறுத்தினாள்.
பின்தொட்டி முழுக்க மெழுகுப் பிசுக்கு, புகைக்குழல் சாம்பல்,
மூலைகளில் போன வருடத்துச் செத்த தேனீக்கள்.

"பின்னாடி வெளிச்சம் வேணும்.
ராத்திரியிலதான் பெட்டி ஏத்தறேன்.
டார்ச்சைக் கவ்விக் கவ்விப் பல்லு ஆடுது."
அவ்வளவுதான் பேச்சு.
சாவியைப் பலகைமேல் வைத்துவிட்டு
நடந்தே போனாள், மூன்று கிலோமீட்டர்.

மே மாதம் என்றது காலண்டர்.
சஸ்காச்சுவானில் காலண்டரை யார் கேட்கிறார்கள்?
இரும்பு சில்லிட்டுக் கிடந்தது.
எல்.இ.டி. பட்டையின் முதுகுத்தாளை உரித்து
தொட்டி விளிம்புக்கு அடியில் அழுத்தினேன்.
ஒரு காபி குடித்து வருவதற்குள்
வால் தொங்கிவிட்டது.
ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
ஆர்டித் போகும்போது மறந்துவிட்டுப்போன
ஹேர் டிரையரால் இரும்பைச் சூடாக்கி
மறுபடி அழுத்தினேன். பிடித்துக்கொண்டது.
அவள் பொருளொன்று இந்த இடத்தில்
எதையாவது ஒட்டவைத்தது இதுதான் முதல்தடவை.
இதைச் சொல்ல அவளுடைய நம்பர் இல்லை.

துளை போட்ட இடத்தில் பச்சை இரும்பு தெரிந்தது;
பனிக்கால உப்பு மோப்பம் பிடித்து வருமுன்
பெயின்ட் தடவினேன், ரப்பர் வளையம் செருகினேன்,
சட்டத்தோடு சட்டமாக வயரை இழுத்துக் கட்டினேன்.
பேட்டரி ஓரம் ஒரு பியூஸ்.
எர்த் வயருக்கு ஒரு போல்ட்.

எர்த் என்று பெயர்தான்.
நாலு ரப்பர் சக்கரத்தில் நிற்கும் வண்டிக்கு
மண்ணோடு என்ன பேச்சு?
தன் உடம்பையே பூமி என்று எண்ணிக்கொண்டு
அதிலேயே எல்லாவற்றையும் இறக்கிவைக்கிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் சுவிட்சைத் தட்டினேன்.
ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வெளிச்சம்!
மூலையில் கிடந்த ஒவ்வொரு செத்த தேனீக்கும்
தனித்தனியாக ஒரு நிழல்.
கொஞ்சநேரம் நின்று பார்த்தேன்,
பார்க்க வேறு யாரும் இல்லாததால்.

இரண்டாம் நாள் காலை லூபா வந்தாள்.
இடது கண் மூடியே இருந்தது.
கழுத்தில் ஏழு, மணிக்கட்டில் நான்கு.
"உன் வெளிச்சம் பிரமாதம்.
தேனீக்களுக்கும் ரொம்பப் பிடிச்சுது.
நாற்பது பெட்டியிலிருந்தும் ஊர்ந்து வந்து பார்த்துச்சு,
என் சட்டைக்கை வழியா.
கடைசியில் பியூஸைப் பிடுங்கிக் கேனோலா வயல்ல எறிஞ்சேன்."

பிறகு, திறந்திருந்த கண்ணால் என்னைப் பார்த்து:
"தேனீக்குச் சிவப்பு தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"
தெரியாது என்றேன்.
"எனக்குத் தெரியும். சொல்ல மறந்துட்டேன்."

வெள்ளைப் பட்டையை உரித்தேன்.
இப்போது வேண்டாம் என்கிறபோது
அது பெயின்ட்டையும் சேர்த்துக்கொண்டுதான் வந்தது.
டிரெய்லர் ஒன்றுக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புச் சுருள் இருந்தது.
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
லூபா ஹேர் டிரையரைப் பிடித்தாள்.
யாருடையது என்று கேட்கவில்லை.
"சூடு போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று ராத்திரி நானும் போனேன்.
சிவப்பில் எங்கள் கைகள் யாருடையவோ போல இருந்தன.
பெட்டி எண்கள் தெரிந்தன, கட்டும் பட்டைகள் தெரிந்தன,
அவள் இமையின் வீக்கம்கூடத் தெரிந்தது.
எங்களுக்கு வெளிச்சம்; அவற்றுக்கு அமாவாசை.
பெட்டிகளுக்குள் தூரத்து மோட்டார் போல ஒரு முனகல்,
அவ்வளவே.
ஒரே ஒரு தேனீ வெளியே வந்து
எரிகிற பட்டைமேல் நடந்தது,
சுவரில் நடப்பதுபோல், அவசரமில்லாமல்.

முப்பத்தோராவது பெட்டியை ஏற்றும்போது
"வலது பக்கம் கடைசி மினுங்குது பார்" என்றாள்.
பார்த்தேன். மினுங்கத்தான் செய்தது.
பற்றவைத்த இணைப்பு; நன்றாகத்தான் வைத்திருந்தேன்.

"நாளைக்கு வண்டியைக் கொண்டுவா" என்றேன்.
"உன் பக்கம் தூக்கு" என்றாள்.