ஒரு மணி அடித்தால்

பெயரை மாற்றியிருக்கிறேன்.
ஊரையும் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து
இந்தக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.
பீடியை மாற்றத்தான் வழி தெரியவில்லை.
பிரம்மசக்தி என்று வைத்துக்கொள்வோம்.
முக்கூடல் பஸ்ஸில் வந்தாள் என்று வைத்துக்கொள்வோம்.

வண்ணார்பேட்டையில், டயர்க் கடைக்கு மேல் என் அறை.
படித்து முடித்த புதிதில் அங்கே
கதவைத் தாழிட்டுவிட்டு
"என்ன நடந்தது, சொல்லும்மா" என்று கேட்டவள் நான்.
நல்லெண்ணத்தோடுதான் தாழிட்டேன்.
பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்
நாற்பது நிமிடமும் தாழ்ப்பாளையே பார்த்திருந்தாள்.
பிறகு வரவேயில்லை.

அதைக் கழற்றிவிட்டேன்.
நாலு ஆணி ஓட்டை இன்னும் இருக்கிறது,
பெயிண்டருக்கு அதை அடைக்க அனுமதியில்லை.

பிரம்மசக்தி கதவருகே உட்கார்ந்தாள்.
மடியில் தட்டு, ஈரச் சாக்கில் சுற்றிய இலை.
"கையச் சும்மா வச்சா என்னமோ செய்யுது டீச்சர்."
டீச்சர் இல்லை நான்.
இந்த வேலைக்கு எங்கள் பக்கம் பேர் இல்லை;
சிலருக்கு சிஸ்டர், சிலருக்கு டாக்டர்,
கடையநல்லூர்க்காரர் ஒருவருக்கு வக்கீலம்மா.

புரட்டாசி வரைக்கும் அவள் சுற்றினாள், நான் பார்த்தேன்.
வெட்டுவாள், தூள் வைப்பாள், உருட்டுவாள்,
நூல் கட்டி முனை மடக்குவாள்.
தண்ணீர் லாரி பற்றிப் பேசினாள்,
கொழுந்தியா கல்யாணத்தில்
பாயசம் பத்தாமல் போனதைப் பற்றி.
இலைக்காரர் என்ற சொல் வரும்போது மட்டும்
நூல் விரலிலேயே நிற்கும்.
நான் கேட்கவில்லை.
குளிக்கிற துறையில் சுழி இருக்கும் இடம்போல
மனசில் குறித்துக்கொண்டேன்.

மடை திறந்தமாதிரி கொட்டிவிட வேண்டும்,
அப்போதுதான் ஆறும் என்றார்
பயிற்சிக் கூட்டத்தில் ஒருவர்.
அவர் வயலுக்குத் தண்ணீர் விட்டதில்லை.
மடையை ஒரேயடியாகத் தூக்கினால்
பயிர் நனையாது, வரப்புதான் போகும்.

அவள் சொன்ன நாளில் இடி இல்லை, மழை இல்லை.
கீழே யாரோ லாரிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.
"ஒம்பது வயசு எனக்கு" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"கடையில கட்டு எண்ணுதப்ப கழிவுன்னு ஒதுக்குவாவல்லா,
அப்பிடி என்னைய நானே ஒதுக்கி வச்சிட்டேன்.
அந்தப் போயிலை வாடைதான் பயம்.
அந்த வாடைதான் சோறும்."

பதில் இருக்கவில்லை என்னிடம்.
தட்டிலிருந்து ஒரு இலையை எடுத்து
நானும் சுற்றிப் பார்த்தேன்.
தூள் எல்லாம் புடவையில்.
"இதுல்லா கழிவு" என்று சிரித்தாள்.
அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல்.

மூன்றாம் வருடம் நாற்காலியை
நடு அறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
நான் கோப்பை மூடினேன்.
கையெழுத்து, தேதி,
ஆறிவிட்டாள் என்று ஒரு வரி.

மகளுக்கு ஒன்பது பிறந்த ஆனியில் திரும்ப வந்தாள்.
காற்று ஜன்னலைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
மறுபடி கதவருகே. தட்டு இல்லை.
இரண்டு கையும் சும்மா.
"போயிட்டுன்னு நெனச்சேன்.
பிள்ளைக்கு ஒம்பது ஆவட்டும்னு
காத்துக் கெடந்திருக்கு டீச்சர்."

வெட்கம் எனக்கு.
அந்த ஒரு வரியை அடித்துவிட்டு
ஆறுகிறாள் என்று எழுதினேன்.
கோப்பை அலமாரியில் வைக்கவில்லை,
மேசையிலேயே கிடக்கிறது.

மகளிடம் என்ன சொல்வது என்று
எட்டு வாரம் ஒத்திகை பார்த்தோம்.
கடைசியில் அவள் சொன்னது வேறு ஏதோ.
என்னவென்று என்னிடமும் சொல்லவில்லை.
நல்லது என்றேன். நிஜமாகவே நல்லது.

இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு:
ஒரு மணி அடித்து நின்றால், நல்லாருக்கேன்.
இரண்டு அடித்தால், வாறேன்.

இன்று சாயங்காலம், கொக்கிரகுளம் பாலத்தில்
பஸ் நகராமல் நிற்கிறது.
பைக்குள் போன் ஒரு மணி அடித்து நின்றது.
"உங்க போன்தான் அடிக்கு" என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி.
தெரியும் என்றேன்.
பாலம் தாண்டும்வரை
பையை மடியில் வைத்து
அடுத்த மணிக்குக் காது கொடுத்திருந்தேன்.